நடு சீட்டு

நெல்லிக்கொல்லையில் யாருக்காவது உடம்பு மிகவும் மோசமாகிவிட்டால், "நடு சீட்டுக்கு வந்துட்டாரு" என்பார்கள். வெளியூர்க்காரனுக்கு இந்தப் பேச்சு விளங்காது. ஏதோ பதவி கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்றுகூட நினைத்துக்கொள்வான். விஷயம் வேறு. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் சாலையை விட்டு இறங்கி ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிற அந்த ஊரில் வெகுகாலம் ஒரே ஒரு ஜீப்புதான் இருந்தது. முன்னால் டிரைவரும் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவரும் உட்காருவார்கள். பின்னால் எதிரெதிராகப் போட்ட சீட்டுகளில் உறவுச் சனம் நெருக்கிக்கொள்ளும். நடுவில் இருக்கிற நீள சீட்டில், யாராவது ஒருத்தர் மடியில் தலையை வைத்து நோயாளியைப் படுக்க வைப்பார்கள். அப்படிப் படுத்துக்கொண்டு வேலூர் போனவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டு திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் படுத்தபடியே வந்தார்கள்.

ஜீப்பின் சொந்தக்காரன் ராஜாக்கண்ணுவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. வண்டியைத் தயாரித்த கம்பெனி வேறு ஏதோ பேர் வைத்துத்தான் விற்றிருந்தது. மலையில் உயரமாக, நாலு சக்கரத்தோடு எது வந்தாலும் ஜீப்புதான், அதில் அவனுக்கு வருத்தமில்லை. அவன் வண்டியை ஒரு வீட்டு முன்னால் நிறுத்தினாலே அக்கம்பக்கத்துச் சனம் வெளியே வந்து "இன்னா ஆச்சு, யாருக்கு?" என்று கேட்பதுதான் அவனைத் தின்றது. ஒருமுறை உர மூட்டையை இறக்கப் போன இடத்தில், அந்த வீட்டுக்காரி விவரம் தெரியாமல் அழவே ஆரம்பித்துவிட்டாள். சாவடியில் உட்கார்ந்திருக்கிற கிழங்களை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், இன்னும் நடு சீட்டுக்கு வரவில்லை என்று சொல்லிச் சிரிக்கும். ராஜாக்கண்ணுவும் கூடச் சேர்ந்து சிரிப்பான், வயிறு மட்டும் எரியும்.

அவன் ஒன்றும் வண்டியோட்டப் பிறந்தவன் இல்லை. அப்பன் காலத்தில் சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி வயிறு கழுவிய குடும்பம்தான். புளி ஏற்ற வந்த லாரியில் மூட்டை தூக்கப் போனவன், கிளீனராகி, ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் போளூரில் ஒருத்தர் வேண்டாமென்று தள்ளிவிட்ட இந்தப் பழைய வண்டியை வாங்கி ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு ஊரே கூடி வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தது. தாய்மாமன் மகள் திரௌபதியைக் கட்டிக்கொண்டதும் அதற்கு அடுத்த வருஷம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் முன் சீட்டில் உட்கார்ந்து ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்வந்ததைப் பற்றி ஊரில் கொஞ்சம் பேச்சு இருந்தது. அதெல்லாம் நல்ல காலம்.

நடு சீட்டில் படுத்துப் போனவர்களில் அவர்களுடைய மகள் ஆனந்தியும் ஒருத்தி.

ஒரே பிள்ளை. நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் விடியும்போது வலிப்பாகிவிட்டது. திரௌபதி பிள்ளையின் தலையை மடியில் போட்டுக்கொண்டு நடு சீட்டில் உட்கார, பின்னால் பங்காளிகள் ஏற, ராஜாக்கண்ணு ஊர்ப் பாதையில் கல்லென்றும் குழியென்றும் பார்க்காமல் விரட்டினான். பள்ளத்தை விட்டு மேலேறுகிற ஏற்றத்தில் கிளச் பிடிக்கவில்லை. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. பங்காளிகள் இறங்கிச் சேற்றில் நின்று தள்ளினார்கள். எப்படியோ மேலே ஏறி, அமிர்தி மலைப்பாதையில் அவன் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வேலூரில் டாக்டரம்மா பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், வரும்போதே உயிர் இல்லையேப்பா என்றார்.

வேறு என்னென்னவோ சொன்னார், அவன் காதில் விழவில்லை. அந்த ஏற்றத்தில் வீணான நேரம்தான் மண்டைக்குள் நின்றது. கிளச் பிடித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள். இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டான். காரியம் முடிந்த கையோடு கண்ணமங்கலத்துக்குப் போய்க் கிளச் பிளேட்டை மாற்றினான். துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இவன் கையில் கிரீஸோடு வந்து இறங்கியதை ஊர் தப்பாகத்தான் பேசியது.

அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷம் ரேடியேட்டர். அதற்கடுத்து டயர். பிறகு பிரேக், பம்ப்பு, ஒவ்வொன்றாக. வண்டி பழையதுதான், மெக்கானிக்குகூடச் சொல்லிப் பார்த்தார், இதற்குப் போடுகிற காசுக்குப் புதுசாகவே ஒன்று பார்க்கலாமே என்று. ராஜாக்கண்ணு கேட்கவில்லை. இந்த வண்டி அந்த ஏற்றத்தை மூச்சுவிடாமல் ஏற வேண்டும், வேறு வண்டி ஏறி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திரௌபதி, பிள்ளையோடு திரும்பி வந்து அன்றைக்கு அந்த ஜீப்பை விட்டு இறங்கியவள்தான். மறுபடி ஏறவேயில்லை. சந்தைக்குப் பஸ்ஸில் போனாள். பஸ் இல்லாத நாளில் நடந்தாள். ஆடி மாதம் படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஊரே ஜீப்பில் போகும், அவள் மட்டும் முதல் நாளே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய்க் கோயில் வாசலில் நிற்பாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சோறு போடுவாள், சட்டை துவைத்துப் போடுவாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்வாள். ஜீப்பில் மட்டும் ஏறமாட்டாள். பிள்ளையைக் கொன்ற வண்டி, பிள்ளையைக் கொன்ற டிரைவர் என்று மனசுக்குள் வைத்திருக்கிறாள் என்று ராஜாக்கண்ணு முடிவு கட்டிக்கொண்டான். ஏன் ஏறவில்லை என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே எட்டு வருஷம் ஓடிப்போனது. ஒரே ஒரு தடவை அவளாக ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாம். அவன் வண்டிக்கு மாட்டிய ஒவ்வொரு புதுச் சாமானும் அந்த ஒரு தடவைக்காகத்தான்.

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டால், அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. ஒரு கூடம், ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. நாலு பேர் வந்தால் ஒருத்தர் வாசலில் நிற்க வேண்டும். போன வருஷம் புளி நல்ல விலைக்குப் போனது. அந்தக் கையோடு திரௌபதி வீட்டில் கைவைத்தாள். ஒழுகுகிற மேல்தளத்துக்குப் பூச்சு, தரைக்கு டைல்ஸ், சுவருக்குச் சந்தன நிறம். பெரிசாக்க இடம் இல்லை. இருக்கிற இடத்தையே இழுத்து இழுத்து நீட்டினாள். சமையல்கட்டுக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அது திறந்து மூடுகிற இடத்தில் ஒரு அலமாரி வந்தது. கட்டிலுக்குக் கீழே சாமை மூட்டை போக இழுப்பறை வந்தது. சுவரில் கீல் வைத்து ஒரு பலகை. சாப்பிடும்போது இறக்கினால் மேசை, முடிந்ததும் தூக்கிக் கொக்கியில் மாட்டினால் சுவர். கொத்தனார் அந்தப் பலகையை நாலு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் ஒன்று போடப்போவதாகச் சொன்னார்.

ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரோரத்தை மட்டும் அவள் யாரையும் தொடவிடவில்லை. கூடத்திலேயே வெளிச்சமான இடம் அது. அங்கே ஒரு திவான் போட்டால் வருகிறவர்கள் உட்காரலாம் என்று ராஜாக்கண்ணு கயிறு பிடித்து அளந்தான்.

"அந்த எடத்த வுடு மாமா," என்றாள் திரௌபதி. "அதுக்கு வேற ஒன்னு வச்சிகீறேன்."

என்னது என்று ஒரு தடவை கேட்டான். அவள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அந்த வீட்டில் எதையும் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது. அவன் கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் சின்னதம்பி வந்து சொன்னான். ஜமுனாமரத்தூரில் லாட்ஜ் பார்த்துக்கொள்கிறவன். சனி, ஞாயிறானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அருவிக்கும் காவலூர் டெலஸ்கோப்புக்கும் போக வண்டி கேட்கிறார்கள். ராஜாக்கண்ணு கை சுத்தம், மலைப்பாதை தெரிந்தவன். ஆனால் வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது என்றான் சின்னதம்பி. ஏசி போடு, பவர் ஸ்டியரிங் போடு, அந்த நீள சீட்டைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கார்களில் இருப்பது போலக் கைவைத்த தனித்தனி சீட்டு இரண்டு போடு, ஆட்களை நான் அனுப்புகிறேன் என்றான்.

ராஜாக்கண்ணு அன்றைக்கு முழுக்க யோசித்தான். ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. கூப்பிட்டால் இப்போது நூற்றெட்டு வண்டியே வாசலுக்கு வருகிறது. நடு சீட்டுக்கு ஆள் படுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, பேச்சு மட்டும்தான் மிச்சம். யோசிக்க யோசிக்க, இத்தனை வருஷமாகத் தன் கண்ணுக்குத் தெரியாமல் போனது இதுதான் என்று பட்டது. என்னென்னவோ மாற்றினோம், கிளச்சையும் டயரையும் மாற்றினோம். பிள்ளை செத்த சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு இவளை ஏறு என்றால் எப்படி ஏறுவாள்? அந்தச் சீட்டு அவள் கண்ணை விட்டுப் போனால் போதும். நினைக்க நினைக்க நெஞ்சு லேசாகிவிட்டது அவனுக்கு. அவளிடம் சொல்லவில்லை. தயாராக்கிக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று இருந்துவிட்டான்.

கண்ணமங்கலத்தில் மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே சக்கரவர்த்தியின் சீட்டுக்கடை. பேர்தான் சக்கரவர்த்தி, ஆள் ஒல்லியாக ஒரு மூலையில் தையல் மிஷினுக்குப் பின்னால் மறைந்திருப்பான். வண்டி அங்கே பத்து நாளைக்கு மேல் கிடந்தது. ஏசி ஏறியது, ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிற மாதிரி ஆனது, முன்விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. நடு சீட்டைக் கழற்றும்போது ராஜாக்கண்ணு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அது கடைக்குப் பின்பக்கம் போயிருந்தது. பழசை என்ன செய்யட்டும் என்று சக்கரவர்த்தி கேட்டதற்கு, உன் இஷ்டம், என் கண்ணில் மட்டும் காட்டாதே என்று சொன்னான்.

புது வண்டியாகிவிட்ட பழைய வண்டியை அவன் நெல்லிக்கொல்லைக்கு ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு சாயங்காலம். அந்த ஏற்ற இறக்கமெல்லாம் வண்டிக்குத் தெரியவே இல்லை. வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். ஊர்ச்சனம் வந்தது, வழக்கமான கேள்வியைக் கேட்காமல் வாயைப் பிளந்து பார்த்தது. திரௌபதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, அவன் எட்டு வருஷமாகக் காத்திருந்த காரியத்தைச் செய்தாள்: நடுக்கதவைத் திறந்தாள்.

உள்ளே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏறப்போகிறாள் என்று ராஜாக்கண்ணு நினைத்தான்.

"நடு சீட்டு எங்க?" என்றாள்.

கடையில் விட்டுவிட்டேன், அது எதற்கு இனிமேல் என்றான். அவள் கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். நேரே வீட்டுக்குள் போய், ஜன்னலுக்குக் கீழே அந்த வெறும் சுவரோரத்தில் போய் நின்றாள். பின்னாலேயே போனவனுக்கு அப்போதுதான் அந்த இடத்தின் நீளம் உறைத்தது. நடு சீட்டின் நீளமேதான். அந்தச் சீட்டின் அளவு அவனுக்கு மனப்பாடம், தன் கையாலேயே எத்தனை தடவை துடைத்திருக்கிறான்.

"எடம் வுட்டு வச்சிக்கினு இருந்தேனே மாமா," என்றாள். "என்னிக்கினா ஒரு நாள் நீ அத மாத்துவ, அன்னிக்கி வூட்டுக்கு எட்த்துக்கலாம்னு."

"நீ அதப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"கேட்டியா?"

"நீ சொன்னியா?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீல் வைத்த பலகையை இறக்கக்கூட இல்லை.

காலையில் அவன் எழுந்து வெளியே வந்தபோது திரௌபதி தலை வாரி, நல்ல புடவை உடுத்தி, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். போய் வாங்கிக்கொண்டு வரலாம் என்றாள். நீ இரு, நான் மட்டும் போய்வருகிறேன் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நடுக்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். ஏறியவள் வலப்பக்கம் போகவில்லை. இடது ஜன்னலோர சீட்டிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையோடு போன அன்றைக்கும் அவள் உட்கார்ந்தது அந்தப் பக்கம்தான்.

எதற்காக இத்தனை வருஷம் தவம் கிடந்தானோ அது நடந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. அவள் ஏறியது வண்டியை நம்பியும் இல்லை, அவனை மன்னித்தும் இல்லை; அவன் தூக்கிப் போட்ட ஒன்றைத் தேடிப் போவதற்கு. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏற்றத்தில் வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. இப்போது போய் ஏறுகிறாயா என்று வண்டி மேல் கோபம்கூட வந்தது அவனுக்கு. மலைப்பாதையில் இறங்கி, அமிர்தியைத் தாண்டி, கண்ணமங்கலம் வந்து சேர்ந்தார்கள்.

சக்கரவர்த்தி அப்போதுதான் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று. சீட்டின் இரும்புச் சட்டத்தைப் பழைய இரும்புக்காரன் மறுநாளே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரெக்சினைக் கிழித்துக் குப்பையில் போட்டதை எரித்தாகிவிட்டது. இரும்புக்காரன் ஊர் எது, பேர் எது என்று ராஜாக்கண்ணு விசாரித்தான். அவன் எங்கெங்கோ சுற்றுகிறவன், இந்நேரம் உருக்கப் போயிருக்கும் என்றான் சக்கரவர்த்தி.

"அண்ணி எதுக்கு அதப் போய்க் கேக்கறாங்க?" என்றான் மெதுவாக.

ராஜாக்கண்ணு சொன்னான். யாரிடமும் இதுவரை வாய்விட்டுச் சொல்லாததை, எட்ட நின்று பழகிய ஒரு கடைக்காரனிடம் நாலு வார்த்தையில் சொன்னான். எங்கள் பிள்ளை அதில்தான் போனாள். திரௌபதி ஒரு ஓரமாக, சுவரில் சாய்த்து வைத்திருந்த பஞ்சுப் பாளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சக்கரவர்த்தி மிஷின் மேல் இருந்த கத்திரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். பிறகு, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தான். புது சீட்டுக்குப் புதுப் பஞ்சை மட்டும் வைத்தால் ஆறு மாதத்தில் அமுங்கிவிடும். அதனால் நாள்பட்டுக் கெட்டித்த பழைய பஞ்சை அடியில் கொடுத்து, மேலே புதுசைப் போர்த்துவதுதான் அவன் வழக்கம். வண்டிக்காரர்களிடம் சொல்வதில்லை, பழசு என்று தெரிந்தால் முகம் சுளிப்பார்கள்.

"உங்க சீட்டுப் பஞ்சு நல்ல கெட்டியா இருந்துச்சிண்ணா. தூக்கிப் போட மனசு வர்ல. நடுவால ரெண்டா வெட்டி, உங்க புது சீட்டு ரெண்டுலயும் அடியில வச்சிட்டேன். அண்ணி இப்ப உக்காந்துக்கினு வந்தாங்களே, அதுதான்."

பக்கத்து ஷெட்டில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி சக்கரவர்த்தியின் அருகே வந்தாள். இடப்பக்கத்துப் பாதி எந்தச் சீட்டில், வலப்பக்கத்துப் பாதி எந்தச் சீட்டில் என்று கேட்டாள். இடது இடதில்தான், வலது வலதில்தான், மாற்றவில்லை என்றான் அவன். பஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்திருக்கும், பக்கம் மாற்றினால் சாய்ந்துவிடும் என்று ஏதோ விளக்கம் சொன்னான். அவள் வெளியே போய் ஜீப்பில் ஏறினாள். அதே இடது சீட்டில் உட்கார்ந்தாள்.

"மாமா, இங்க வந்து உக்காரு," என்றாள், வலப்பக்கத்து சீட்டில் கையை வைத்து.

ராஜாக்கண்ணு அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதன் நடுவில் உட்கார்ந்ததே இல்லை. உட்காரும் இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். அன்றைக்கும் அப்படித்தான், பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்றுகூட அவன் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கதவைத் திறந்து, வேறு யார் வண்டியிலோ ஏறுவது போலத் தயங்கி ஏறி, பிள்ளை உடம்பு கிடந்த பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்புறம் அவள் பேசினாள். அவனைப் பார்த்துப் பேசவில்லை, முன்னால் காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த ஏத்தத்துல வண்டி நின்னுச்சே, எல்லாரும் எறங்கித் தள்ளுனாங்களே, அதுக்கு முன்னாலயே போய்ட்டா மாமா. ஊரு எல்லயத் தாண்டனதும். ஒரு வாட்டி ஒடம்பு ஒதறுச்சி, அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சுபோச்சி."

அவன் அவள் பக்கம் திரும்பினான். அந்த ஏற்றம், சேற்றில் நின்று தள்ளியவர்கள், அமிர்தி வளைவுகள், வேலூர் வரைக்கும் அத்தனை தூரம் அவள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா நீ நிறுத்திடுவ. நிறுத்திட்டா முடிஞ்சிபோச்சின்னு ஆயிடுமே. வண்டி ஓடிக்கினு இருக்கற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறோம்னு இருந்துச்சி. அப்பால நீ கிளச்ச மாத்திக்கினு வந்து நின்ன. அத நெனச்சிக்கினுதான் நீ எழுந்து நடமாடுன. புள்ள போனது அதால இல்லன்னு நான் எப்டி சொல்றது?"

ஒவ்வொரு தடவை அவன் புதுசாக எதையாவது மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தும்போதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். இந்தச் சீட்டில் ஏறினால் சொல்லிவிடுவோம் என்று பயந்துதான் ஏறாமல் இருந்தாளாம். சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டால், ஓடாத இடத்தில் போட்டு, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் அந்த இடத்தைக் காலியாக விட்டாளாம். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். அவன்தான் அழுதான். காரியத்தன்று கையில் கிரீஸோடு நின்றவன், எட்டு வருஷம் கழித்துக் கண்ணமங்கலம் கடைத்தெருவில், பகலில், நாலு பேர் போகவர அழுதான். சக்கரவர்த்தி மிஷினை நிறுத்திவிட்டுக் கடைக்குள்ளே திரும்பி நின்றுகொண்டான்.

அழுது ஓய்ந்தபின், இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டும் என்று தோன்றாமலே போனதைக் கேட்டான்.

"எதுனா சொன்னாளா?"

திரௌபதிக்கு இப்போதுதான் குரல் உடைந்தது.

"ஊரு எல்லயத் தாண்டறதுக்கு முன்னால ஒரு வாட்டி கண்ணத் தொறந்தா. குலுக்குது, அப்பாவ மெதுவாப் போவச் சொல்லும்மான்னா. சீக்கிரம் போவணுமேன்னு நான் அத உன்னாண்ட சொல்லல. இப்ப சொல்றேன்."

வெயில் ஏறிய பிறகு கிளம்பினார்கள். அவள் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள். மலைப்பாதையில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வளைவில் முந்திக்கொண்டு போனது. இரண்டு சக்கர வண்டிகள்கூட முந்திப் போயின. ஊர்ப் பள்ளத்தில் இறங்கும்போது, பாதையில் கிடந்த சின்னக் கல்லைக்கூட ஒதுக்கி ஒதுக்கி, வண்டி குலுங்காமல் ராஜாக்கண்ணு மெதுவாகப் போனான்.